புயல் உழுத தண்ணீர்

அக்டோபர் 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சின்னவனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கப்பலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

புயல் நம் ஊருக்குள் வராமல் வெளிக்கடலோடு போய்விட்டது. அதன் வால் பட்டதற்கே தொலைபேசிக் கம்பியெல்லாம் அறுந்து, செல்போன் கோபுரம் சந்தைக் கூரைமேல் படுத்துவிட்டது. நிமிர்த்த மாதக் கணக்கில் ஆகுமாம். அதனால்தான் பத்தாம் வகுப்போடு பேனாவை மூடிவைத்த உன் அப்பா அதை மறுபடி திறந்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்துக்குத் தபால் போட்டால், அங்கே ஒரு அம்மா அதைத் தட்டச்சு செய்து கப்பலுக்கு அனுப்புவார், உன் பதிலை அச்சடித்து எங்களுக்கு அனுப்புவார் என்று நீ கிளம்பும்போது சொன்னாயே. அந்த அம்மாவுக்கு என் வணக்கம். அம்மா, என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளை நீங்களே திருத்திவிடுங்கள். அப்பா கொஞ்சம் படித்தவர்தான் என்று என் மகள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஐஸ் கம்பெனியில் கரண்ட் போய், தொட்டியில் இருந்த கட்டியெல்லாம் கரைந்துபோனது. நானும் கம்ப்ரஸரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாளி வந்து எட்டிப் பார்த்து, "என்னய்யா, நீச்சல் குளம் திறந்துட்டியா?" என்றார். அவருக்கு ஐஸ் கம்பெனி ஒன்று, படகு ஒன்று. இரண்டும் நின்றால் அவர் வாய் மட்டும் நிற்காமல் ஓடும். படகுதான் உனக்குத் தெரியுமே, முன்பக்கம் நீண்டு கிடப்பதால் மூக்கன் என்று பேர் வாங்கியது. மூக்கன் துறைமுகத்திலேயே கிடப்பதால் அதில் வேலை பார்க்கிற சின்னவனும் வீட்டில்தான். சாப்பிடுகிறான், அம்மாவை வம்புக்கு இழுக்கிறான், மறுபடி சாப்பிடுகிறான்.

உன் கப்பல் புயலுக்குப் பக்கத்தில் போகவில்லையே? அம்மா தினமும் கேட்கிறாள். நான் தைரியசாலி, கேட்பதே இல்லை. இது ஒரு தடவைதான்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அப்பா

---

அக்டோபர் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நாங்கள் புயலிலிருந்து வெகு தூரத்தில்தான் இருந்தோம், ஒன்றும் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள், நானும் "தண்ணிக்கு ஜுரம் பாக்குறேன்"னு சொல்லித் தப்பித்திருக்கிறேன். இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்கிறேன். கடலின் மேல்பக்கம் வெயிலில் காய்ந்து சூடாக இருக்கும். அது ஒரு போர்வை மாதிரி. அதற்குக் கீழே குளிர்ந்த தண்ணீர். அந்தச் சூட்டைத் தின்றுதான் புயல் வளர்கிறது. ஆனால் அதன் காற்றே கடலைப் போட்டுக் கலக்கி, அடியில் இருக்கும் குளிரை மேலே கொண்டுவந்துவிடும். ஐஸ் உறைய வைக்கிற உங்கள் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கலக்குகிற விசிறி சுற்றுமே, அப்படி. புயல் போன பிறகு அதன் பின்னால் ஒரு குளிர்ந்த தடம் கிடக்கும். அது போகிற திசையைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் குளிர் அதிகம். இப்போது நாங்கள் அந்தத் தடத்தில்தான் இருக்கிறோம், நம் துறைமுகத்துக்கு நேர் கிழக்கே, மூக்கன் வேகத்துக்கு ஒன்றரை நாள் ஓட்டம். தண்ணீர் நான்கு டிகிரி இறங்கியிருக்கிறது. அடியிலிருந்து சத்தும் சேர்ந்து மேலே வந்ததால் கடல் பச்சையாக மாறிக்கொண்டு வருகிறது. அதைத் தின்னப் பொடி மீன் வரும், பொடி மீனைத் தின்னப் பெரிய மீன் வரும். பார்க்க அழகாக இருக்கிறது அப்பா. புயல் உழுதுவிட்டுப் போன வயல் மாதிரி.

சின்னவனிடம், என் அலமாரியைத் திறந்தால் கையை ஒடிப்பேன் என்று சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் மகள்

---

அக்டோபர் 22

அன்பு மகளே,

எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வானிலை அறிக்கை வாசிப்பதை நிறுத்திவிட்டது.

உன் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே, கம்பெனியில் எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினேன் என்று கேள். ஐஸ் ஏற்ற வந்தவன், மீன் எடுக்க வந்தவன், விலாசம் கேட்க வந்தவன், ஒருவனையும் விடவில்லை. கம்ப்ரஸர் அறைச் சுவரில் சாக்பீஸால் துறைமுகம், புயல் போன வழி, வலது கைப்பக்கம், பச்சைத் தண்ணீர் எல்லாம் வரைந்துவிட்டேன். முதலாளி ரொம்ப நேரம் நின்று பார்த்தார். "உன் மகள் படிப்பு இத்தனை நாள் எங்கய்யா இருந்துச்சு?" என்றார். எனக்கு அன்றைக்குக் கால் தரையிலேயே படவில்லை.

ஒருவன் கேட்டான், "அண்ணே, இன்னொரு புயல் வந்தா?" நான் சிரித்துவிட்டேன். "குளிர்ரூமை ஒரு தடவை குளிர வச்சுக் கதவைச் சாத்திட்டா அதுல சூடு எங்கடா இருக்கும்? புயலுக்குத் திங்க சூடு வேணும். அங்க அடுப்பே அணைஞ்சு கிடக்கு" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உன் அப்பாவுக்கு இவ்வளவு பேர் தலையாட்டியது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

வேறு விசேஷம் இல்லை. தூரக் கடலுக்குப் போக இன்னும் அனுமதி வரவில்லை, கரையோரம் மட்டும் போகலாம். கரண்ட் வந்துவிட்டதால் நேற்று மூக்கனுக்கு ஐஸ் ஏற்றினோம். வழக்கமாக ஏற்றுவதைவிட மூன்று மடங்கு.

அலமாரியை அவன் ஏற்கெனவே திறந்துவிட்டான். கையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன்னால் தலை நிமிர்ந்து நடக்கும் அப்பா

---

அக்டோபர் 29

அப்பா,

எல்லோரும் நலம்தானே? உங்கள் கடிதம் இன்று காலைதான் கப்பலுக்கு வந்தது. உடனே எழுதுகிறேன்.

கடல் உங்கள் குளிர்ரூம் இல்லை, அப்பா. அதற்குக் கதவு கிடையாது. மேலே வெயில் பட்டு அந்தத் தடத்தின் மேற்பரப்பு மறுபடி சூடாகிவிட்டது. அடியில்தான் குளிர் இருக்கிறது. அது மட்டுமில்லை, போன புயல் கொட்டிய மழையெல்லாம் ஆற்று வழியாகக் கடலுக்கு வந்து கரைப்பக்கம் மேலே மேலே பரவிக் கிடக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, எண்ணெய் மாதிரி மேலேயே நிற்கும். அது மூடி போட்டது போல. காற்று எவ்வளவு கலக்கினாலும் அங்கே அடிக்குளிர் மேலே வராது. சூடும் குறையாது. அங்கே ஒரு புயல் வந்தால் அது கொழுத்துத்தான் போகும்.

தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது. எங்கே போகும் என்று இன்னும் தெரியவில்லை.

நான் எழுதியது உங்களுக்குக் கதை மாதிரி. அது யாருக்கும் வழி காட்டுவதற்காக இல்லை. அந்தப் படத்தைச் சுவரிலிருந்து அழித்துவிடுங்கள். கரையோரம் போகும் படகுக்கு எதற்கு மூன்று மடங்கு ஐஸ்?

பதில் உடனே வேண்டும்.
உங்கள் மகள்

---

நவம்பர் 3

அன்பு மகளுக்கு,

நலம். நீ நலமா?

உன் கடிதம் நேற்று வந்தது. நல்ல கடிதம், நன்றாகப் புரியும்படி எழுதியிருந்தாய். சுவரை ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். சாக்பீஸ் போய்விட்டது.

ஒரு பொதுவான கேள்வி. கம்பெனியில் ஒருவர் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு படகு, சும்மா ஒரு பேச்சுக்கு, அந்தப் பச்சைத் தண்ணீரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வானொலியில் சொல்கிறார்களே, அந்தப் புதுப் புயல் அதே பக்கமாக வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அடியில் குளிர் இருப்பதால் புயல் அங்கே வந்ததும் பலம் குறையுமா, குறையாதா? குறையும் என்றால் எவ்வளவு? ஆட்களுக்குத் தாங்குமா? அந்தப் படகில் இருப்பவர்களிடம் தூரத்துக்குப் பேசும் கருவி இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

கேட்டவர் கொஞ்சம் பயந்த சுபாவம் உள்ளவர். அதனால் சீக்கிரம் எழுதவும்.

அம்மாவுக்கு உன் கடிதத்தை முழுதும் படித்துக் காட்டவில்லை. அலமாரி விஷயத்தை மட்டும் சொன்னேன். சிரித்தாள்.

அப்பா

---

நவம்பர் 5

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமென நம்புகிறேன். தங்கள் கடிதங்களைக் கப்பலுக்குத் தட்டச்சு செய்து அனுப்புகிறவள் நான்தான். பிறர் கடிதத்தில் தலையிடுவது என் வேலைக்கு அழகல்ல, மன்னிக்கவும். இதை எங்கள் அலுவலக ஆளிடம் கையோடு கொடுத்து அனுப்புகிறேன். அவர் உங்கள் வாசலில் காத்திருப்பார். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

தாங்கள் மூன்றாம் தேதி எழுதியது பொதுவான கேள்வி இல்லை என்று எனக்குப் பட்டது. எனக்கும் தங்கள் மகன் வயதில் ஒரு தம்பி இருக்கிறான்.

நான் விசாரித்தவரையில் தங்கள் துறைமுகத்திலிருந்து வெளியே போன படகுகளில் திரும்பாதது ஒன்றே ஒன்று. கடலுக்குப் போக வாங்கும் அனுமதி டோக்கனில் 'கரையோரம்' என்று எழுதியிருக்கிறார்கள். கடலோரக் காவல் படகுகள் கரையோரம்தான் தேடிக்கொண்டிருக்கின்றன.

ஐயா, அவர்கள் எங்கே போனார்கள்?

இப்படிக்கு,
கடிதப் பிரிவு

---

நவம்பர் 5, மதியம்

அம்மா,

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய ஆள் வாசற்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து இன்னும் மோசமாக இருக்கும்.

கரையோரம் போகவில்லை. நேர் கிழக்கே போனார்கள். என் மகள் எழுதிய இடத்துக்கு.

மூன்று பேர். படகு ஓட்டுகிற டிரைவர், தடியன் என்று கூப்பிடுகிற ஒரு பையன், என் மகன். படகு வெள்ளை, நீண்ட மூக்கு, பக்கவாட்டில் நீலக் கோடு, மேலே ஆரஞ்சுத் தார்ப்பாய். முதலாளி, "வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும், உன் வேலையும் சேர்ந்துதான் போகும், வாயை மூடிக்கிட்டு இரு, மூக்கன் இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கான்" என்றார். மூடிக்கொண்டு இருந்தேன். மூட வேண்டிய நேரத்தில் திறந்தேன், திறக்க வேண்டிய நேரத்தில் மூடினேன். தவளை தன் வாயால் கெட்டால் தான் மட்டும்தான் கெடும். நான் பெற்ற பிள்ளையை அல்லவா கெடுத்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கும் அனுப்புங்கள். கிளம்பும் முன்னால் அவன் கம்ப்ரஸர் அறைக்கு வந்தான். "அப்பா, டிரைவர் யோசிக்கிறாரு. முதலாளி போகச் சொல்றாரு. நீ என்ன சொல்ற, போகட்டுமா?" என்றான். நான் சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "அக்கா சொன்னா தப்பாகுமா? தைரியமா போடா" என்றேன். அவன் வெளியே போய், "அப்பா சொல்லிட்டாரு, போலாம்" என்று கத்தினது கேட்டது.

அவன் அம்மாவுக்கு இது தெரியாது. கரையோரத்தில் எங்கேயோ ஒதுங்கி நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து அறையில் துணி மடிக்கிறாள். அவன் சட்டையையும் மடித்து வைக்கிறாள்.



---

நவம்பர் 6

அப்பா,

எழுதியது கிடைத்தது. இடத்தைக் கடலோரக் காவலுக்கு உடனே சொல்லிவிட்டோம். விமானம் கிளம்ப முடியவில்லை. இன்று பகலில் புயல் அந்தத் தண்ணீரைக் கடக்கிறது.

உங்கள் கேள்விக்குப் பதில். நாங்கள் அந்தத் தடத்தில் ஒரு கருவியை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அது தானாகவே ஆழம் போய் மேலே வந்து தண்ணீரின் சூட்டைச் சொல்லும். மேலே மெல்லிய தோல் மட்டும்தான் சூடு, கீழே இன்னும் குளிர்தான் என்று காலையில் சொன்னது. புயல் அந்தத் தோலைக் கிழித்தவுடன் குளிர் மேலே வரும். அங்கே அதன் காற்று பலம் குறையும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் அலை வேறு, அப்பா. புயல் தெற்கே பலமாக இருந்தபோது எழுப்பிய அலைகள் புயலுக்கு முன்னாலேயே கிளம்பி வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குச் சூடும் குளிரும் தெரியாது. உங்களிடம் பொய் சொல்லக்கூடாது என்று எழுதுகிறேன். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். முதல் புயலின்போது நாங்கள் வெகு தூரத்தில் இல்லை. படுக்கையோடு என்னைக் கட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் கப்பல் மூக்கனைப் போல முப்பது மடங்கு பெரியது. அதிலேயே நான் உங்களைக் கூப்பிட்டு அழுதேன்.

கடிதத்தில் இடத்தை எழுதியது நான். அதை மறந்துவிட வேண்டாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடுங்கள்.

---

நவம்பர் 11

மகளுக்கு அம்மா எழுதுவது.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. உடம்பு பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

புயல் போய்விட்டது. நம் பக்கம் வரவில்லை, வடக்கே கரையேறியது. அங்கே ஆற்று முகத்தில் ரொம்ப அடித்ததாம். அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். மூக்கன் கரையோரம் போகவில்லை என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலாளி வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்.

உன் அப்பா பேசுவதில்லை. அந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. காலையில் கம்பெனிக்குப் போகிறார். அங்கே கம்ப்ரஸர் ஓடவில்லை, ஐஸ் வாங்க ஆளில்லை. போய்ப் பார்த்தேன். காலித் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். "என்னங்க, வீட்டுக்கு வாங்க" என்றேன். "இங்க இருந்தா படகு வர்ற சத்தம் மொதல்ல கேக்கும்" என்கிறார். தடியனின் அம்மா தினமும் வருகிறாள். வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கண்டால் இவர் பின்பக்கமாகப் போய்விடுகிறார்.

விமானம் இரண்டு நாளாகத் தேடுகிறதாம். ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

அந்தப் பக்கம் போகச் சொல்லி இவர்களுக்கு யார் சொன்னது? உனக்குத் தெரியுமா?

தூங்கினால் அவன் "அம்மா, தண்ணி" என்று கேட்கிறான்.

---

நவம்பர் 13

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

ஒரு விஷயம். நம்பிக்கை என்று சொல்லமாட்டேன், விஷயம் என்று மட்டும் சொல்கிறேன்.

புயல் போன பிறகும் கடல் சும்மா இருக்காது. காற்று தள்ளிவிட்ட மேல்தண்ணீர் நேராக ஓடாமல் வட்டம் வட்டமாகச் சுற்றும். இரண்டு நாளைக்கு ஒரு சுற்று. புயல் போய் ஒரு வாரம் ஆனாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தத் தடத்தில் நாங்கள் விட்ட ஒரு மிதவை, தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது போன வழியைக் காகிதத்தில் போட்டால் சுருள் சுருளாக இருக்கிறது. எவ்வளவோ ஓடியிருக்கிறது, ஆனால் வெகு தூரம் போகவில்லை.

தேடுகிறவர்கள் காற்று அடித்த திசையில் நேராகக் கணக்குப் போட்டு வடக்கே தேடியிருக்கிறார்கள். என்ஜின் நின்றுபோன படகு, காற்று ஓய்ந்த பிறகு, தண்ணீரோடுதான் போகும். எங்கள் ஆராய்ச்சிக் குழுவின் தலைவரம்மா அந்தச் சுருள் படத்தை இன்று அவர்களுக்கு அனுப்பினார். நாளை தெற்கே தேடுகிறார்கள். எங்கள் கப்பலும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

படகு மிதந்துகொண்டிருந்தால்தான் இதெல்லாம். மிதக்கிறதா என்று என் கருவி எதுவும் சொல்லாது.

அம்மா, நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகள்

---

டிசம்பர் 2

அக்காவுக்கு,

உன் அலமாரியைத் திறந்தவன் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், ஆகவே நலம். நீ?

எல்லோரும் கேட்கிறார்கள், யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன், ஒரு தடவைதான். நீ எழுதியது நிஜம் அக்கா. மீன் அப்படி இருந்தது. அதனால்தான் வானம் கறுத்த பிறகும் இன்னும் ஒரு வலை, இன்னும் ஒரு வலை என்று நின்றோம். காற்று வருவதற்கு முன்னால் அலை வந்தது. வரிசையாக, அவசரமே இல்லாமல். அதைப் பார்த்ததும் டிரைவர், "டேய், வலையை அறுங்கடா" என்றார். அறுப்பதற்குள் மூக்கன் ஒரு தடவை நட்டுக்குத்தலாக நின்றான். தடியன் கை ஒடிந்தது. என்ஜின் அறைக்குள் தண்ணீர் வந்து என்ஜின் செத்தது. மீதி வலையைக் கயிற்றோடு முன்பக்கம் கட்டிக் கடலில் போட்டார் டிரைவர். அதுதான் மூக்கை அலைக்கு நேராகப் பிடித்து வைத்தது. தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்களே, அது பொய். ஒவ்வொரு முழத்துக்கும் வாளி எடுத்து இறைத்தோம்.

காற்று நான் பயந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் தண்ணீர்! முதலில் குளிக்கிற வெந்நீர் மாதிரி இருந்தது, திடீரென்று ஐஸ் தொட்டிக்குள் விழுந்த மாதிரி ஆனது. பல் கிட்டிக்கொண்டது. அப்போது எனக்கு உன் ஞாபகம் வந்தது. "அக்கா சொன்ன குளிர் வந்துடுச்சு" என்று கத்தினேன். தடியன், "உங்க குடும்பமே நாசமாப் போக" என்றான். வலியில் சொன்னான், பாவம்.

அப்புறம் வெயில். குடிக்கத் தண்ணீர் இல்லை, ஐஸ் கரைந்ததைக் குடித்தோம். மூன்று மடங்கு ஏற்றியிருந்தார் அப்பா. அது இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. வேறு தேசத்துக்கே அடித்துக்கொண்டு போய்விட்டோம் என்று நினைத்தேன். செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றியிருக்கிறோம் என்று எங்களைக் கண்டுபிடித்த காவல் படகுக்காரர்கள் சொன்னபோது டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கரைக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "யாருடா போகச் சொன்னது?" அப்பா பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அலையில்கூட நான் அப்படி ஒரு முகத்தைப் பார்க்கவில்லை. "நானாத்தான் போனேன்மா" என்றேன். டிரைவரும் தடியனும் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இன்னும் படுத்தால் கட்டில் சாய்கிறது.

தம்பி

---

ஜனவரி 14

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீண்ட நாள் ஆகிவிட்டது. அம்மா உடம்பு பரவாயில்லை. சின்னவன் உடம்பு தேறிவிட்டான், எலும்பு மேல் சதை தெரிகிறது. தடியனுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. உன் உடம்பைக் கவனித்துக்கொள். கடிதப் பிரிவு அம்மாவுக்கு என் நமஸ்காரம். அவரை நேரில் பார்த்தால் காலில் விழுவேன், சங்கடப்படுவார், ஆகவே பார்க்காமல் இருப்பது அவருக்கு நல்லது.

ஐஸ் கம்பெனி வேலை போய்விட்டது. முதலாளியின் லைசென்ஸும் போய்விட்டது. இப்போது வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, "ஏன் குளிரலை?" என்று கேட்கிறார்கள். நான் ஒன்றும் விளக்குவதில்லை. விளக்குவதை விட்டுவிட்டேன்.

பயம் மட்டும் போகவில்லை மகளே. எல்லாம் முடிந்து எல்லோரும் வீடு வந்த பிறகும் ராத்திரியில் எழுந்து எழுந்து சின்னவன் படுத்திருக்கிறானா என்று பார்க்கிறேன். நீ சொன்னாயே, புயல் போன பிறகும் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று. அதை நான் கருவி இல்லாமலே கண்டுபிடித்துவிட்டேன்.

நேற்று சின்னவன், வேறு ஒரு படகில் ஆள் எடுக்கிறார்கள் என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். போ என்றாலும் பயம், போகாதே என்றாலும் பயம். அவன் இன்னும் என்னிடம் வந்து கேட்கிறானே, அது எல்லாவற்றையும்விடப் பயம். அம்மா அடுப்படியிலிருந்து, "அவரை ஏண்டா கேக்குற, போன தடவை அவரைக் கேட்டா போன?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லை" என்றான்.

இருபது வயதுப் பையன் எனக்காகத் தன் அம்மாவிடம் பொய் சொல்கிறான். ஒரு தடவை கரையில் நின்றபோது சொன்னான், ஏதோ பதற்றம் என்று விட்டேன். நேற்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னான். இனி வாழ்நாள் முழுதும் சொல்லுவான். அவனைக் கடலிலிருந்து எடுத்துவிட்டார்கள், இதிலிருந்து நான்தான் எடுக்க வேண்டும்.

அம்மாவிடம் நேரே சொல்லலாம் என்று காலையிலிருந்து மூன்று தடவை அடுப்படிக்குப் போனேன். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். "உங்களுக்கு என்ன, சர்க்கரை வியாதி வந்துடுச்சா?" என்கிறாள். என் வாய் எனக்குச் சரியான சமயத்தில் உதவியதே கிடையாது. அதனால் இதில் எழுதுகிறேன்: கம்ப்ரஸர் அறையில் அவன் போகட்டுமா என்று கேட்டான். தைரியமாகப் போடா என்று சொன்னது நான். மற்ற இருவரும் என் பேச்சை நம்பித்தான் போனார்கள். தடியனின் அம்மாவிடமும் போய்ச் சொல்லப் போகிறேன். முதலில் இவள்.

உறையை ஒட்டாமல் அவள் கையில் கொடுத்து, "படிச்சுப் பாத்துட்டு நீயே ஒட்டு" என்று சொல்லப் போகிறேன். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், நேரமாகும். அதுவரை நான் எங்கே உட்காருவது என்றுதான் தெரியவில்லை.

உன் அப்பா

மகளே, அம்மா. படித்தேன். இரண்டு தடவை. கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. உறையை ஒட்டிவிட்டுத் தபால் பெட்டிவரைக்கும் நானே நடந்து போய்வருகிறேன். வரும்போது தெரிந்துவிடும்.